கொங்கு நாட்டில் ஒரு பெயரின் வேரைத் தேடுவது எப்படி

செங்கோட்டையன் என்ற பெயரைப் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் 'செங்கோட்டை' என்று நிறுத்திவிட்டு, சிவப்புக் கோட்டைக்காரன் என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். கோட்டைக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செங்கோடு என்பது திருச்செங்கோட்டு மலை. செங்கோட்டு ஐயன் அந்த மலைமேல் இருக்கிற சாமி. கொங்கு நாட்டுப் பெயர் ஒன்றுக்குப் பொருள் தேடும்போது அகராதி கடைசியில்தான் வர வேண்டும். யார் வைத்தார்கள், அவர்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறவர்கள், எந்த முன்னோர் பெயரைத் திருப்பி வைத்தார்கள் என்ற மூன்றுக்கும் முதலில் விடை வேண்டும்.

முதலில் ஒரு தாள்

ஒரு முழுத்தாளில் ஏழு பத்திகள் போடுங்கள்: முதலெழுத்துகள், இட்ட பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பட்டம், குலம் (பேச்சில் கூட்டம் என்பதும் இதுதான்), காணி ஊர் (குலத்தின் பூர்வீக உரிமை ஊர்), குலதெய்வம். உங்களில் தொடங்கித் தகப்பன் வழியில் மேலே போய், தெரிந்த தலைமுறை வரைக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். தாய்வழிக்குத் தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கலந்தால் மூன்றாம் தலைமுறையில் குழம்பிவிடும்.

முதலெழுத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் 'கே' என்று இருந்தால் அது க, கா, கு, கோ எதுவாகவும் இருக்கலாம். 'எஸ்' என்றால் ச, சி, செ, சு, ஸ்ரீ என்று இன்னும் நீளும். இரண்டு முதலெழுத்து இருந்தால் பெரும்பாலும் முதலாவது ஊர், இரண்டாவது தகப்பன் பெயர். ஈ.வெ.ராமசாமியில் 'ஈ' ஈரோடு, 'வெ' வெங்கடப்பர். கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த ம.ப.பெரியசாமித் தூரன் பெயரில் 'ம' ஈரோட்டுப் பக்கம் உள்ள மஞ்சக்காட்டுவலசு, 'ப' தகப்பனார் பழனிவேலப்பர், கடைசியில் நிற்கும் 'தூரன்' குலப்பெயர். ஊர், தகப்பன், தான், குலம் நான்கும் ஒரே பெயரில் நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஊர்ப்பெயரை விரித்து எழுதும்போது வலசு, பாளையம், புதூர் போன்ற பின்பாதியை விட்டுவிடாதீர்கள். வலசு என்றால் வேறிடத்திலிருந்து வலசை வந்து குடியேறிய ஊர். உங்கள் முதலெழுத்து ஒரு வலசைக் குறித்தால், அதற்கு முந்தைய ஊர் ஒன்று கட்டாயம் உண்டு. காணி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பட்டத்துக்குத் தனிப்பத்தி போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டத்தை விட்டுவிடும் வழக்கம் பரவியது. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் விடவில்லை. ஒரே ஆள் பத்திரத்தில் 'கவுண்டர்' என்றும் பள்ளிப் பதிவேட்டில் வெறும் பெயரோடும் இருப்பார். பட்டத்தையும் பெயரோடு சேர்த்துத் தேடினால் பாதிப் பதிவுகள் கையை விட்டுப் போகும். 'கவுண்டர்' என்பது ஒரே சாதிக்கான பட்டமும் இல்லை. வேளாளர், வேட்டுவர், ஊராளி, குறும்பர், ஒக்கலிகர் எனப் பலர் போட்டுக்கொள்கிறார்கள். கொங்குக் கல்வெட்டுகளில் வரும் 'காமிண்டன்' ஊர்த்தலைவனைக் குறிக்கும் சொல். கன்னடத்தின் 'காவுண்ட' அதற்கு உறவு. பட்டத்தை மட்டும் வைத்துக் குலத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுவே போதும்.

பெரியவர்களிடம் எதைக் கேட்பது

"உங்க குலம் என்னங்க?" என்று நேராகக் கேட்டால் சிலர் பட்டத்தைச் சொல்வார்கள், சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள், சிலர் கோபித்துக்கொள்வார்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் சரியான பதில் வரும்:

"அப்பாருக்கு மொதமுடி எங்கீங்க எறக்குனாங்க? காது எங்க குத்துனாங்க?"
"சிவராத்திரிக்கு எந்தக் கோயலுக்குப் போவீங்க?"
"எழவு உழுந்தா யாராருக்குத் தீட்டுங்க?"
"எந்தக் கூட்டத்துல பொண்ணு எடுக்க மாட்டீங்க?"

முதல் இரண்டும் குலதெய்வத்தையும் காணியையும் தரும். தீட்டுக் கேள்வி பங்காளிகளைத் தரும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் முதலில் வருவதுதான் அவர்களுடைய கூட்டம், ஏனென்றால் ஒரே கூட்டத்துக்குள் கல்யாணம் கிடையாது. அடுத்த கூட்டத்தார் மாமன் மச்சான். அப்புச்சி, அம்மாயி (தாயைப் பெற்றவர்கள்) வழிக்கு இதே கேள்விகளை "ஆத்தா பொறந்த ஊட்டுல" என்று மாற்றிக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணைக் கணவன் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்வதால், பிறந்த குலத்தைத் தனியாகக் கேட்காவிட்டால் அது எங்கும் பதிவாகாது.

வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேளுங்கள். மூத்த மகனுக்குத் தகப்பனுடைய அப்பன் பெயரை வைப்பது பழைய வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அப்புறம் பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதனால்தான் ராமசாமி வீட்டில் பெரியதம்பி ஆகிறான், பழனியம்மாள் குஞ்சம்மாள் ஆகிறாள். பத்திரங்களில் 'குழந்தைசாமி என்கிற ராமசாமி' என்று வரும் 'என்கிற' இந்த வழியில் பிறந்ததுதான். வீட்டுப் பெயர் தெரியாதவர்கள் ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவார்கள்.

இதே வழக்கம் எதிர்ப்பக்கத்திலும் குழியில் தள்ளும். தாத்தா பெயர் பேரனுக்கு வருவதால் நாச்சிமுத்து மகன் பழனிச்சாமி, பழனிச்சாமி மகன் நாச்சிமுத்து, மறுபடி நாச்சிமுத்து மகன் பழனிச்சாமி என்று ஓடும். 1930-இல் ஒரு பத்திரத்திலும் 1985-இல் ஒரு பத்திரத்திலும் ஒரே தகப்பன் பெயரோடு ஒரே பெயர் வந்தால், அது ஒரே ஆள் அல்ல, தாத்தாவும் பேரனும் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 வருடம் என்று கணக்கு வைத்துச் சரிபாருங்கள்.

தாளில் இருப்பதைப் படிப்பது

வீட்டுப் பீரோவில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளிலும் குலதெய்வக் கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகைகளிலும் கூட்டமும் காணியும் அச்சில் இருக்கும். கோவில் மண்டபத்துத் தூணில் உபயதாரர் பெயர்கள் ஊரோடு வெட்டியிருக்கும். அவற்றைப் படம் எடுக்கும்போது நேர்வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது எடுங்கள்.

அடுத்தது கிரயப் பத்திரங்கள். பழைய பத்திரத்தில் ஆளைச் சொல்லும் முறையே ஒரு வம்ச வரிசை மாதிரி இருக்கும்: இன்ன தாலுக்கா, இன்ன கிராமம், இன்ன பாளையத்தில் இருக்கும் இன்னார் குமாரர் விவசாயம் இன்னார். பெண்ணாக இருந்தால் 'பாரியாள்' என்றால் மனைவி, 'குமாரத்தி' என்றால் மகள். பாரியாளைப் பாரியம்மாள் என்ற பெயராகப் படித்துக் குடும்ப மரத்தில் ஒரு புதுப் பாட்டியைச் சேர்த்தவர்கள் உண்டு.

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று எடுங்கள். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அங்கே முதலாம் அட்டவணை ஆள் பெயர் வாரியாகவும் இரண்டாம் அட்டவணை சொத்து வாரியாகவும் இருக்கும். பெயர் தேடுகிறவருக்கு இரண்டாவதே கைகொடுக்கும். பெயரின் எழுத்து மாறினாலும் நிலம் மாறாது. பத்திர எண்ணும் வருடமும் தெரிந்ததும் நகலுக்குப் பணம் கட்டலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், நிலமும் உடையவரும் எழுதிய 'அ' பதிவேட்டையும் பாருங்கள். ஆனால் 1980-களில் யுடிஆர் என்ற நிலப்பதிவுப் புதுப்பிப்புத் திட்டத்தில் எழுதிய பெயர்களை அப்படியே நம்பாதீர்கள். தகப்பன் பெயர் மாறியவை, 'வகையறா' விடுபட்டவை என்று அதில் பிழை ஏராளம்.

எந்த மாவட்டத்தில் தேடுவது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். காங்கேயம் இன்று திருப்பூர் மாவட்டம். 2009-க்கு முன் ஈரோடு. அந்த ஈரோடு 1979-இல் பெரியார் மாவட்டம் என்ற பெயரில் கோவையிலிருந்து பிரிந்தது. ஆக 1979-க்கு முந்தைய தாள் 'கோயமுத்தூர் ஜில்லா' என்றுதான் பேசும். கரூர் 1910 வரை கோவை ஜில்லா, பிறகு திருச்சி, 1995-இல் தனி மாவட்டம். நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கொள்ளேகாலம் 1956 வரை கோவை ஜில்லாவில்தான் இருந்தது.

கையெழுத்தில் இருக்கும் தாளைப் படிக்க மூன்று பழக்கங்கள் வேண்டும். ஒற்றுக்குப் புள்ளி இருக்காது. 'செலலபபன' என்று இருந்தால் அது செல்லப்பன். குறில் நெடில் கொம்புகளுக்கு வேறுபாடு இருக்காது. ணை, லை, னை, றா, ணா, னா முதலிய எழுத்துகள் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். சுழி தேய்ந்த தாளில் சென்னியப்பனும் சின்னியப்பனும் ஒன்றுபோல் தெரிவார்கள். சென்னியப்பன் சென்னிமலை முருகன். சின்னியப்பன் வேறு பெயர். அதே பத்திரத்தில் 'சென்னிமலை', 'சின்ன' போன்ற சொற்கள் வேறு இடத்தில் வருகிறதா என்று தேடி, அந்தக் கையின் 'செ'யையும் 'சி'யையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேதியில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். பிரபவ வருடம் 1867, 1927, 1987 என்று மூன்றிலும் வரும். முத்திரைத் தாளின் பின்பக்கம் வெண்டர் எழுதிய ஆங்கிலத் தேதி அதைத் தீர்த்துவைக்கும்.

இட்ட பெயரை உடைப்பது

இப்போதுதான் பெயரைக் கையில் எடுக்கலாம். பின்னொட்டைக் கழற்றினால் சாமி வெளியே வரும். காளியப்பன், காளியண்ணன், காளியாத்தாள் மூன்றும் காளியம்மன். மாரப்பன், மாராத்தாள் மாரியம்மன். அங்கப்பன், அங்காத்தாள் அங்காளம்மன். செல்லப்பன், செல்லமுத்து, செல்லாத்தாள் செல்லாண்டியம்மன். ஆத்தாள் என்ற முடிவு இந்த மண்ணின் முத்திரை. அண்ணன் என்ற முடிவு திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் அதிகம் காதில் விழும்.

சில பெயர்கள் ஊரையே காட்டிக்கொடுத்துவிடும். மருதாசலம் மருதமலை, வெள்ளியங்கிரி கோவைக்கு மேற்கே உள்ள அதே பெயர் மலை, அவினாசியப்பன், அவினாசிலிங்கம் அவினாசி, கருணாம்பாள் அங்கே இருக்கும் அம்மன். மகுடேஸ்வரன் கொடுமுடி, சங்கமேஸ்வரன் பவானி, அர்த்தநாரி திருச்செங்கோடு, பசுபதி கரூர், நாமகிரி நாமக்கல், பண்ணாரி சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரியம்மன். ரங்கசாமி கோவை வட்டாரத்தில் பெரும்பாலும் காரமடை, ஸ்ரீரங்கம் அல்ல. அருக்காணி, நல்லதங்காள், குன்னுடையான் வந்தால் அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) கேட்ட குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நஞ்சப்பன், நஞ்சம்மாள், மாதப்பன், மாதையன், பசவண்ணன், தொட்டப்பன் என்று வந்தால் வடமேற்கே பாருங்கள். நஞ்சுண்டன் மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூட்டுச் சிவன். மாதப்பன் மாதேஸ்வரன் மலை. 'தொட்ட' கன்னடத்தில் 'பெரிய'. 1799-இல் திப்பு விழும் வரை கோவை மைசூர் ஆட்சியில் இருந்தது, கொள்ளேகாலம் கோவை ஜில்லாவிலேயே இருந்தது, அந்தியூர் மேட்டூர் வழியாக மலைக்கோவிலுக்குப் போக்குவரத்து இன்றும் இருக்கிறது. அதனால் இந்தப் பெயரை மட்டும் பார்த்துக் குடும்பமே கன்னடக் குடும்பம் என்று சொல்லிவிடக் கூடாது. தமிழ் பேசும் குடும்பங்களும் அந்த மலைக்கு வேண்டிக்கொண்டு பெயர் வைத்திருக்கின்றன.

குப்பன், குப்பாயி, பிச்சைமுத்து, தவிடன் போன்ற பெயர்களை ஏழ்மையின் அடையாளம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், பிச்சை கேட்டுப் பெயர் வைப்பார்கள். சாவின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை மதிப்பில்லாததாகத் தெரிய வேண்டும் என்பது நம்பிக்கை. அப்படி ஒரு பெயரைக் கண்டால் அதற்கு முன் சில வருட இடைவெளி இருக்கிறதா என்று உங்கள் தாளில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். பணக்காரக் குடும்பத்திலும் இருக்கும்.

1950-க்குப் பிந்தைய அன்பழகன், செழியன், பூங்கொடி வகையும், பிறகு வந்த ரமேஷ், சுரேஷ் வகையும் காலத்தைச் சொல்லுமே தவிரக் குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்லாது.

குலப்பெயர்: இங்கேதான் அதிகம் வழுக்கும்

செம்பன், கண்ணன், தூரன், ஈஞ்சன், ஓதாளன், பயிரன், காடை, ஆந்தை, பொருளந்தை, சாத்தந்தை, அந்துவன், வண்ணக்கன் என்று கொங்கு வேளாளர் கூட்டப் பெயர்கள் நீளும். பத்திரிகையில் 'கோத்திரம்' என்று அச்சிட்டாலும் இதைத்தான் குறிக்கிறார்கள். காடை பறவை என்பதாலும் அந்தக் கூட்டத்தார் பலர் காடைக்கறி தொடமாட்டார்கள் என்பதாலும், ஆந்தை குலத்தையும் பறவைக் கணக்கில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் வேறு வழி காட்டுகிறது. ஒருவன் பெயரோடு 'தந்தை' சேர்ந்தால் எப்படிப் புணரும் என்று அது விதி சொல்கிறது: சாத்தன் + தந்தை சாத்தந்தை, கொற்றன் + தந்தை கொற்றந்தை, ஆதன் + தந்தை ஆந்தை, பூதன் + தந்தை பூந்தை. பிசிராந்தையார் என்ற சங்கப் புலவர் பெயரில் பிசிர் ஊர், ஆந்தை பெயர். அவர் ஆந்தைப் பறவை அல்ல. சாத்தந்தை குலமும் ஆந்தை குலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, இரண்டும் ஒரே வாய்ப்பாட்டில் விளைந்த முன்னோர் பெயர்கள் என்று கொள்வதே பொருந்துகிறது. பொருளந்தையும் அதே அச்சு.

ஆதன், சாத்தன் போன்ற பெயர்கள் இந்த மண்ணில் எவ்வளவு பழையவை என்பதற்குக் கல்லும் ஓடும் சாட்சி. கரூர்ப் பக்கத்துப் புகலூரில் தமிழி என்ற பழைய எழுத்தில் இருக்கும் கல்வெட்டில் சேரன் பெயரே 'கோ ஆதன் செல்லிரும்பொறை'. நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டில் 'கண்ணன் ஆதன்' என்று கீறியிருக்கிறது. அறச்சலூர்க் கல்வெட்டில் 'வண்ணக்கன் தேவன் சாத்தன்' வருகிறான். வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன், அது தொழில். தேவன் தகப்பன், சாத்தன் அவன். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் இன்றைய முதலெழுத்து முறையின் அதே வரிசை. இதை வைத்து 'கண்ணன் கூட்டத்து முன்னோர்தான் கொடுமணலில் இருந்தார்' என்று பாய்ந்துவிட வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பது பெயர் பழையது என்பதற்குச் சான்று, உங்கள் இரத்தவழிக்குச் சான்று அல்ல.

குலப்பெயர் மட்டும் கிடைத்தால் வேலை முடியவில்லை. ஒரே கூட்டத்துக்குப் பல காணிகள் உண்டு, ஒரே கோவிலுக்குப் பல கூட்டங்கள் உண்டு. வேட்டுவர்களிடமும் அந்துவன் போன்ற குலப்பெயர்கள் வழங்குகின்றன. சமூகம், குலம், காணி, தெய்வம் நான்கும் பொருந்தினால்தான் அந்தப் பங்காளி உங்கள் பங்காளி. தெய்வத்தின் பெயரோடு ஊரையும் எழுதுங்கள். 'மதுக்கரை' என்று மட்டும் எழுதிவைத்தால், கரூர் மாயனூர்ப் பக்கத்துச் செல்லாண்டியம்மன் கோவில் மதுக்கரையா, கோவைக்குத் தெற்கே உள்ள மதுக்கரையா என்று பேரப்பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

மற்றச் சமூகங்களில் தேடும் சொல் மாறும். தேவாங்கர் வீட்டில் குலத்தை வங்குசம் என்று கேளுங்கள். தெலுங்கு பேசும் வீடுகளில் 'இன்டி பேரு' என்ற வீட்டுப் பெயர் முன்னால் வரும், ஆகவே அங்கே முதல் எழுத்தை ஊர் என்று எண்ணிவிடக் கூடாது. உடுமலை, பழனி, பள்ளப்பட்டிப் பக்கத்து ராவுத்தர் பட்டத்துக்குக் குதிரைவீரன் என்பது பொருள்.

புதுப் பிள்ளைக்குப் பெயர் பதியும்போது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயர் முடிவாகாமல் அவசரத்துக்கு ஒன்றை எழுதிக்கொடுப்பதைவிடப் பெயரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. சேர்த்த பெயரை மாற்றுவது அரசிதழ் வரைக்கும் இழுக்கும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளி, கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆதாரம் என்பதால் எழுத்துப்பிழை முன்பைவிட அதிகம் கடிக்கும்.

கடவுச்சீட்டில் முதலெழுத்து செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் சிக்கல் வரலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப்பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுவது நம் வழக்கத்துக்கு ஒத்தது, ஆனால் அப்பனுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு குடும்பப்பெயர் வரும். குலப்பெயரைப் போட்டால் தலைமுறைக்கும் ஒரே பெயர் நிற்கும். ஆனால் அது பிறப்புச் சான்றிலேயே இருந்தாக வேண்டும், அதோடு தெரிந்தவர்களுக்கு அது சாதிப்பெயரும்தான். வெளிநாடு போகும் எண்ணமில்லாத வீட்டுக்குத் தகப்பன் பெயரே போதும். எதைத் தேர்ந்தாலும் உடன்பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே முறையை, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். 'பழனிச்சாமி' ஆங்கிலத்தில் 'சாமி' என்றும் 'சுவாமி' என்றும் இரண்டு விதமாக ஏறிவிட்டால், அண்ணன் தம்பி என்று நிரூபிக்க வாரிசுச் சான்று வாங்கும்போது அலைய வேண்டியிருக்கும். கணினியில் ஏற்றியதும் அச்செடுக்கும் முன் திரையில் இரண்டு மொழியிலும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.